எறும்பின்மேல் முளைக்கும் மருந்து: அஸ்டெக் மூலிகை அறிவு ஏட்டில் ஏறிய விதம்

ஒரு செடியின் படம். இலை, தண்டு, பூ எல்லாம் தாளில் விரித்து வைத்ததுபோலத் தட்டையாக, துல்லியமாக வரையப்பட்டிருக்கின்றன. கீழே வேர்களைச் சுற்றி எறும்புகள். செடியின் பெயர் அஸ்காபான் இஷ்வா த்லசொல்பாத்லி. அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டு மொழியில் அஸ்கத்ல் என்றால் எறும்பு, இஷ்வா என்றால் முளைக்கிறது, த்லசொல்லி என்றால் குப்பை, பாத்லி என்றால் மருந்து. ‘எறும்பின்மேல் முளைக்கும் குப்பை மருந்து’ என்று சொல்லலாம்.

படம் இருப்பது 16ஆம் நூற்றாண்டு மெக்சிகோவின் மூலிகை நூல் ஒன்றில். இதே நூலின் வேறு படங்களில் வேர்கள் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும், அல்லது வேரடியில் நீல நிறத்தில் தண்ணீர் ஓடும். அந்தக் கல் சும்மா வரைந்த கல் அல்ல. பழைய மெக்சிகோ ஏடுகளில் ‘தெத்ல்’, அதாவது கல் என்ற சொல்லைக் குறிக்க எந்த வடிவத்தைப் போடுவார்களோ அதே வடிவம். ஐரோப்பியக் கண்ணுக்கு இவை அலங்காரம். வரைந்தவருக்கோ இது பாறையிடுக்கில் கிடைக்கும், இது நீர்க்கரையில் கிடைக்கும், இதைத் தேட எறும்புப் புற்றைப் பார் என்று எழுதி வைத்த வாக்கியங்கள். 1552இல் ஸ்பெயின் அரசருக்கு அனுப்புவதற்காக லத்தீனில் எழுதப்பட்ட நூலுக்குள் இன்னொரு எழுத்து இப்படிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

அஸ்டெக் என்று நாம் அழைக்கும் மெக்சிகா மக்களின் தலைநகரம் டெனோச்டிட்லான் 1521இல் வீழ்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட மூலிகை ஏடு ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. பழைய ஏடுகளில் பல எரிக்கப்பட்டன. அஸ்டெக் மூலிகை அறிவு என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, வென்றவர்கள் கேட்க, தோற்றவர்கள் சொல்லி, இருவரும் சேர்ந்து எழுதியது. கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதைப் பொறுத்து எந்தச் செடி ஏட்டுக்குள் வந்தது, எது வெளியே நின்றது என்பது மாறியது. இதை மறந்துவிட்டு இந்த நூல்களைப் படித்தால் பாதிதான் புரியும்.

முதலில், ஏட்டில் ஏறுவதற்கு முன் இந்த அறிவு எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். ஒரு பகுதி பெயர்களிலேயே இருந்தது. நாவாட்டில் செடிப் பெயரின் வால் அதன் வகையைச் சொல்லிவிடும். ஷோச்சித்ல் என்று முடிந்தால் பூ, கிலித்ல் என்று முடிந்தால் கீரை, பாத்லி என்று முடிந்தால் மருந்து, குவாவித்ல் என்று முடிந்தால் மரம். முருங்கைக்கீரை, மல்லிகைப்பூ என்று பேசிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. தோமாத்ல் என்பது சாறுள்ள உருண்டைப் பழங்களுக்கான பொதுப்பெயர். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் ஷிதோமாத்ல், மில்தோமாத்ல் என்று வகை பிரியும். ஸ்பானியர் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது தொமாத்தே ஆகி, ஆங்கிலத்தில் டொமேட்டோ ஆகி, நம் ஊர் ஓட்டல் பில்லில்கூட வந்துவிட்டது.

நம் பூக்கடைக்கும் அங்கிருந்து சரக்கு வந்திருக்கிறது. செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்று நாம் மாலை கட்டும் பூ அங்கே செம்போவல்ஷோச்சித்ல், ‘இருபது பூ’. ஒரே பூவுக்குள் எத்தனை இதழ் அடுக்கு! கல்யாண மாலையில் வரும் சம்பங்கி, நிலத்தில் கிழங்கு வைத்து வளர்ப்பது, அங்கே ஓமிஷோச்சித்ல், ‘எலும்புப் பூ’. அந்த வெள்ளை மொட்டைப் பார்த்தால் பெயர் சரி என்றுதான் தோன்றும். சப்போட்டா என்ற பெயரின் மூலம் த்சபோத்ல். சித்த மருத்துவத்தில் இடம்பிடித்து, நம் ஊர்த் தரிசெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் பிரமதண்டுகூட மெக்சிகோச் செடிதான். அங்கே அதன் பெயர் சிகாலோத்ல். ஆதிகாலத்து நாட்டு மூலிகை என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று கடல் தாண்டி வந்தது என்று தெரியும்போது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

அறிவு இருந்த இரண்டாவது இடம் தோட்டம். 1440 முதல் 1469 வரை ஆண்ட முதலாம் மொக்டெசுமா, இன்றைய மொரேலோஸ் மாநிலத்தில் உள்ள வாஷ்டெபெக்கில் ஒரு தோட்டம் போட்டார். இடம் மலையடிவாரம், நல்ல ஊற்றுத் தண்ணீர், டெனோச்டிட்லானைவிடச் சூடான காற்று. மெக்சிகோ வளைகுடாக் கரையின் வெப்பப் பகுதியிலிருந்து கொக்கோ, வனிலா போன்றவற்றை வேர்மண்ணோடு பெயர்த்து, பாயில் சுற்றி, அவற்றை வளர்க்கத் தெரிந்த ஆட்களையும் கூடவே வரவழைத்தார் என்று தியெகோ துரான் என்ற பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். வந்த தோட்டக்காரர்கள் எட்டு நாள் விரதம் இருந்தார்கள். காது மடலைக் கீறி இரத்தத்தைச் செடிகளின்மேல் தெளித்தார்கள். அப்புறம் மூன்று வருடத்துக்குள் எல்லாம் பூத்தன என்கிறது அந்தக் கதை. ஐரோப்பாவின் முதல் தாவரவியல் தோட்டங்கள் என்று சொல்லப்படும் பீசாவும் பாதுவாவும் 1540களில்தான் வந்தன.

மூன்றாவது இடம் சந்தை. தலைநகரத்தை ஒட்டியிருந்த த்லதெலோல்கோ சந்தையைப் பார்த்த ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கொர்த்தேஸ், மூலிகை விற்க ஒரு தெருவே இருப்பதையும், காய்ச்சிய மருந்து, களிம்பு, பற்று எல்லாம் தயாராக விற்கும் வீடுகளையும் 1520இல் அரசருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். வைத்தியருக்குப் பெயர் டிசித்ல். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

அதே த்லதெலோல்கோவில் 1536 ஜனவரி 6 அன்று சாந்தா குரூஸ் கல்லூரி திறக்கப்பட்டது. உள்ளூர்ப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கு லத்தீனும் தர்க்கமும் கற்றுக்கொடுக்க ஃபிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் நடத்திய பள்ளி. பதினைந்து வருடம் முன்பு அங்கே போர் நடந்து பிணங்கள் கிடந்தன. இப்போது அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் பாணியில் கடிதம் எழுதினார்கள். சில ஸ்பானியர்களுக்கு இது பிடிக்கவில்லை. இந்தியர்களுக்கு (மெக்சிகோ மண்ணின் மக்களை ஸ்பானியர் அப்படித்தான் அழைத்தார்கள்) லத்தீன் எதற்கு என்ற முணுமுணுப்பு தொடர்ந்து இருந்தது. கல்லூரிக்குப் பணமுடையும் வந்தது.

அந்தக் கட்டத்தில்தான் நம் நூல் பிறக்கிறது. மெக்சிகோவில் ஸ்பெயின் அரசரின் முதல் ராஜப்பிரதிநிதியான அந்தோனியோ தெ மெண்டோசாவின் மகன் ஃபிரான்சிஸ்கோ தெ மெண்டோசா ஒரு மூலிகை நூல் கேட்டார். மடத்துப் பொறுப்பில் இருந்த ஹாக்கோபோ தெ கிராதோ என்ற துறவி ஏற்பாடு செய்தார். கல்லூரியின் வைத்தியர் மார்ட்டின் தெ லா குரூஸ் தொகுத்தார். ஷோச்சிமில்கோ ஊர்க்காரரும் அதே கல்லூரி ஆசிரியருமான ஹுவான் பதியானோ அதை லத்தீனாக்கினார். 1552 ஜூலை 22, மகதலேனா மரியாள் திருநாளில் வேலை முடிந்தது. அதற்கு முந்தின நாள்தான் பெரிய மெண்டோசா பெருவின் லிமாவில் இறந்திருந்தார். மெக்சிகோவில் யாருக்கும் அது தெரிய வழியில்லை.

சமர்ப்பண உரையில் மார்ட்டின் தன்னைப் பற்றி ஒன்று சொல்கிறார்: தான் தத்துவம் படித்து வைத்தியனானவன் அல்ல, அனுபவத்தால் கற்றவன். பணிவுபோலத் தெரியும். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூல்களைப் படித்துவிட்டு வந்த மருத்துவர்கள் நிறைந்த உலகத்தில் இதை அழுத்திச் சொல்வதில் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன். அடுத்து, நாங்கள் ஏழை எளிய இந்தியர்கள், எல்லாரிலும் தாழ்ந்தவர்கள், இந்தச் சிறு நூல் அரசரின் பார்வைக்குத் தகுதியில்லாதது என்றெல்லாம் வருகிறது. கல்லூரிக்கு மானியம் தேவைப்பட்ட நேரத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை என்பதை நினைவில் வைத்தால் தொனி புரியும். நூலைக் கேட்ட மகன் மெண்டோசாவுக்கும் வேறு கணக்கு இருந்தது. இஞ்சி, மிளகு போன்ற கிழக்கத்தியச் சரக்குகளை மெக்சிகோ மண்ணில் வளர்த்து வியாபாரம் செய்ய முயன்றவர் அவர். ஒரு அழகான மூலிகை நூல் அரசவையில் நல்ல அறிமுகச் சீட்டு.

நூல் சிறியது, கையில் அடங்குவது, 13 அத்தியாயங்கள். தலையில் தொடங்கிக் கண், காது, மூக்கு, பல் என்று கீழே இறங்கி, பாதம்வரை வந்து, பெண்களின் பேறுகால வைத்தியம், குழந்தை வைத்தியம் ஆகியவற்றைச் சொல்லி, சாவு நெருங்குவதன் அறிகுறிகளோடு முடிகிறது. சுமார் 185 செடிகளின் வண்ணப் படங்கள் உள்ளன. செடிப் பெயர்கள் மட்டும் லத்தீனாகவில்லை. லத்தீன் வாக்கியத்துக்கு நடுவே நாவாட்டுப் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. லத்தீனில் இல்லாத செடிக்கு லத்தீன் பெயர் எங்கே போய்த் தேடுவது?

சில மருந்துகளைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வியப்பும் வரும். அக்குள் நாற்றத்துக்கு மருந்து உண்டு. வழிப்போக்கருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: வனிலா உள்ளிட்ட வாசனைப் பொருள்களைப் பொடித்துப் பூவுக்குள் வைத்து உடம்போடு அணிந்துகொள்ள வேண்டும். வனிலாக் கொடியின் படமாக நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது, அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்களின் களைப்புக்கான மருந்து. வாசனைப் பூக்கள், மரப்பட்டைகள், விலையுயர்ந்த கற்கள், காட்டு மிருகங்களின் இரத்தம் என்று நீளும் பட்டியல். இதைப் பூசிக்கொண்டால் களைப்பு ஓடும், பயம் போகும், உடம்புக்குக் கிளாடியேட்டரின் வலு வரும் என்கிறது நூல். மெக்சிகோவில் கிளாடியேட்டர் ஏது? அது பதியானோவின் லத்தீன் படிப்பு பேசுகிறது. மார்ட்டின் தன் மொழியில் என்ன சொல் சொன்னாரோ, அது போய்விட்டது. ஒரு பக்கத்தின் மேலே நாவாட்டு வைத்தியம், கீழே ரோமாபுரி. எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியவில்லை.

இந்தக் கோடு பற்றி அறிஞர்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. மெக்சிகோ நாட்டு வைத்தியத்தில் பொருள்களைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பார்கள், நம் வீட்டுப் பாட்டிகளைப் போலவே. இது ஸ்பானியர் கொண்டுவந்த கிரேக்க மருத்துவக் கருத்து என்றார் மானிடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர். இல்லை, அங்கேயே பிறந்தது என்றார் வரலாற்றாசிரியர் அல்ஃப்ரெதோ லோபெஸ் ஆஸ்டின். இருவருக்கும் சான்று அதே காலனிக் காலத்து ஏடுகள்தான். அதனால் வாதம் எளிதில் முடியவில்லை.

இரண்டாவது பெரிய பதிவு பெர்னார்டினோ தெ சஹகூனுடையது. 1529இல் மெக்சிகோ வந்த ஃபிரான்சிஸ்கன் துறவி. அவருடைய நோக்கத்தை அவரே ஒளிக்கவில்லை: நோய் தெரியாமல் வைத்தியர் மருந்து கொடுக்க முடியாது, அதுபோல விக்கிரக வழிபாடு என்னவென்று தெரியாமல் போதகர் அதைக் குணப்படுத்த முடியாது என்றார். ஆக, ஒரு பண்பாட்டை வேரோடு பிடுங்குவதற்காக அதன் வேர்வரை தோண்டி எழுதினார். பெரியவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, மும்மொழி தெரிந்த தன் பழைய மாணவர்களை வைத்து எழுதி, திருத்தி, மறுபடி எழுதி, 12 புத்தகங்கள். பக்கத்தின் ஒரு பத்தியில் நாவாட்டு, இன்னொன்றில் ஸ்பானியம், இடையில் படங்கள். மொத்தம் சுமார் 2,500 படங்கள். 11ஆம் புத்தகம் செடி, விலங்கு, கல், மண் பற்றியது. 10ஆம் புத்தகத்தில் நோயும் மருந்தும் வருகின்றன.

இங்கே ஒரு விஷயத்தில் சஹகூன் மற்றவர்களைவிட நேர்மையானவர். மருந்துகளைச் சொன்ன த்லதெலோல்கோ வைத்தியர்களின் பெயர்களை எழுதி வைத்தார். கஸ்பார் மத்தியாஸ், பெத்ரோ தெ சாந்தியாகோ என்று தொடங்கும் எட்டுப் பெயர்கள். வயதானவர்கள், அனுபவசாலிகள், ஊரறிய வைத்தியம் பார்ப்பவர்கள், எழுதத் தெரியாததால் எழுத்தரிடம் சொல்லித் தங்கள் பெயரைப் போடச் சொன்னார்கள் என்றும் குறிப்பு இருக்கிறது. நாட்டு வைத்தியம் பற்றிய பதிவுகளில் தகவல் சொன்னவரின் பெயர் காணாமல் போவதுதான் வழக்கம்.

நூலில் நல்ல டிசித்லும் வருகிறார், போலி டிசித்லும் வருகிறார். நல்லவருக்கு மூலிகை, கல், மரம், வேர் எல்லாம் தெரியும். கெட்டவர் மருந்து கொடுத்தே ஆளைக் கொல்வார். தக்காளி விற்பவர்களையும் விடவில்லை: பெரியது, சிறியது, இனிப்பானது, பாம்புத் தக்காளி என்று நல்ல வியாபாரி அடுக்கிவைக்கும் வகைகள் ஒருபுறம், அடிபட்டதையும் அழுகியதையும் தலையில் கட்டும் வியாபாரி இன்னொருபுறம். சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் இந்தப் பகுதியில் புதிதாக ஒன்றுமில்லை.

இந்த வேலையெல்லாம் சாவுக்கு நடுவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1545இல் கொகொலிஸ்த்லி என்று மக்கள் அழைத்த கொள்ளைநோய் வந்தபோது த்லதெலோல்கோவில் பத்தாயிரம் பிணங்களுக்கு மேல் தானே புதைத்ததாக சஹகூன் எழுதினார். 1576இல் அது மறுபடி வந்தது, அவருடைய பெருநூலின் கடைசிப் பிரதி தயாராகிக்கொண்டிருந்த அதே நேரத்தில். படங்களைப் புரட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வண்ணம் குறைகிறது, பிறகு வெறும் கறுப்புக் கோடுகள்தான். ஓவியர்கள் கல்லூரிக்குள் இருந்தார்கள், வெளியே சாயம் கொண்டுவர ஆளில்லை. 1577இல் இரண்டாம் பிலிப் அரசர் இந்த நூல்களைப் பறிமுதல் செய்து அனுப்பச் சொன்னார். இந்தியர்களின் பழைய வழக்கங்களை யாரும் எந்த மொழியிலும் எழுதக் கூடாது என்பது உத்தரவு. அந்தப் பிரதி எப்படியோ ஃபிளாரன்ஸின் மெதிச்சி நூலகம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாமவர் ஃபிரான்சிஸ்கோ எர்னாண்டஸ், அரசரின் மருத்துவர். ரோமானியரான பிளினியின் இயற்கை வரலாற்றை ஸ்பானியத்தில் மொழிபெயர்த்தவர். புதிய உலகின் மருந்துச் செடிகளைத் தேடிப்பிடிக்கச் சொல்லி 1570இல் பிலிப் அவரை நியமித்தார். இது ஆன்மாவைக் காப்பாற்றும் வேலை அல்ல, கஜானா வேலை. 1571 முதல் 1577 வரை உள்ளூர் ஓவியர்களையும் வைத்தியர்களையும் கூட்டிக்கொண்டு மெக்சிகோவைச் சுற்றினார். வாஷ்டெபெக் தோட்டத்திலும் தங்கி வேலை செய்தார். சுமார் 3,000 செடிகளை விவரித்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் கையில் வைத்திருந்த கிரேக்கரான டயாஸ்கொரிடிசின் நூலில் மொத்தமே அறுநூறு சொச்சம் செடிகள்தான். மருந்துகளை மருத்துவமனை நோயாளிகளிடம் சோதித்தார், தானும் சுவைத்தார். ஒரு செடியின் பால் அவரைச் சாவு விளிம்புவரை கொண்டுபோனது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை அவரை விடவில்லை: இந்தியர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மறைக்கிறார்கள், தப்பாகச் சொல்கிறார்கள் என்று புலம்பினார். மறைக்காமல் என்ன செய்வார்கள்? பதியானோ நூலில் வனிலா கழுத்துத் தாயத்தாக இருந்தது. எர்னாண்டஸின் ஏட்டில் அது உஷ்ணமான குணமுள்ள மருந்துச் சரக்கு. இரண்டுக்கும் நடுவில் எங்கோ, அதை யார், எப்போது, என்ன சொல்லிப் பறித்தார்கள் என்பது விழுந்துவிட்டது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்: செடிகளின் நாவாட்டுப் பெயர்களை விடாமல் பிடித்துக்கொண்டு, அவற்றையே தலைப்பாக வைத்தார்.

அவருடைய தொகுதிகள் 1576இல் ஸ்பெயின் போயின. அரசர் அட்டை போட்டு எஸ்கோரியல் அரண்மனை நூலகத்தில் வைத்தார், அச்சிடவில்லை. சுருக்கித் தரும் வேலையை மெக்சிகோவைக் கண்ணால் பார்த்திராத நார்தோ அந்தோனியோ ரெக்கி என்ற இத்தாலிய மருத்துவரிடம் கொடுத்தார். எர்னாண்டஸ் 1587இல் இறந்தார், தன் நூலை அச்சில் பார்க்காமலே. 1671இல் எஸ்கோரியல் தீப்பிடித்தபோது மூலத் தொகுதிகள் சாம்பலாயின. அதற்குள் ரெக்கியின் சுருக்கம் ரோமின் லின்செய் என்ற அறிவியல் கழகத்தார் கைக்குப் போய் 1651இல் பெரிய நூலாக வெளியாகியிருந்தது. அதற்கும் முன்னால், 1615இல், மெக்சிகோவிலேயே ஃபிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற டொமினிக்கன் துறவி ஒரு ஸ்பானியப் பதிப்பு போட்டார். டாக்டரும் மருந்துக் கடையும் இல்லாத பண்ணைகளிலும் கிராமங்களிலும் வாழ்பவர்களுக்கு என்று முகப்பிலேயே எழுதினார். அரசருக்காக எழுதப்பட்டதைச் சாதாரண ஆளிடம் கொண்டு சேர்த்தது இந்த மலிவான பதிப்புதான்.

ஏட்டுக்கு வெளியே நின்றவற்றுக்கு வருவோம். ஒலொலியூகி என்ற கொடியின் விதை, பெயோத்ல் கள்ளி, தெயோனனாகத்ல் என்ற காளான், இவை மயக்கமும் தரிசனமும் தருபவை. நோய்க்குக் காரணம் என்ன என்று கேட்டறிய வைத்தியர்கள் பயன்படுத்தியவை. சஹகூனும் எர்னாண்டஸும் இவற்றைக் குறிப்பிட்டார்கள், ஒரு கையால் விலக்கிக்கொண்டே. 1620இல் மெக்சிகோவின் மத விசாரணை மன்றம் பெயோத்லைத் தடைசெய்தது. ஆனால் 1629இல் எர்னாண்டோ ருயிஸ் தெ அலார்கோன் என்ற பங்குப் பாதிரியார், வைத்தியர்களைப் பிடித்து விசாரித்து, அவர்கள் மருந்தோடு சொன்ன மந்திரங்களை நாவாட்டிலேயே வார்த்தை விடாமல் எழுதினார், ஒழிப்பதற்காக. எர்னாண்டஸிடம் கிடைக்காதது, செடியிடம் என்ன பேசினார்கள் என்பது, இந்தத் துரத்துபவரின் ஏட்டில் கிடைக்கிறது.

பதியானோவின் சிறு நூல் என்ன ஆனது? அரசரின் மருந்தாளர் ஒருவரிடம் கொஞ்ச காலம் இருந்தது, 17ஆம் நூற்றாண்டில் ரோமில் கர்தினால் ஃபிரான்செஸ்கோ பார்பெரினியின் நூலகத்துக்குப் போனது. அந்த நூலகம் 1902இல் வத்திக்கானுக்கு வந்தது. 1929இல் சார்ல்ஸ் அப்சன் கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அங்கே வேறு எதையோ தேடப்போய் இதைக் கண்டார். 1990இல் போப் இரண்டாம் ஜான் பால் மெக்சிகோவுக்கே திருப்பிக் கொடுத்தார். 438 வருடம் கழித்து ஊர் திரும்பிய நூல் இப்போது அந்நாட்டு மானிடவியல், வரலாற்று நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கிறது.

செடிகள் ஊரைவிட்டுப் போகவே இல்லை. சிவாபாத்லி, அதாவது ‘பெண் மருந்து’, பிரசவ வலியைத் தூண்ட டிசித்ல் கொடுத்த செடி. 1970களில் ஆய்வகத்தில் அதிலிருந்து கருப்பையைச் சுருங்கவைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குச் சோவபட்டனால் என்று பெயர் வைத்தார்கள். சிவாபாத்லி ஸ்பானிய வாயில் சோவபாட்லே ஆகியிருந்தது. வேதிப்பெயர் அதிலிருந்து வந்தது. மெக்சிகோ நகரச் சந்தையில் இன்றும் சோவபாட்லே என்று கேட்டால் கட்டுக் கட்டாகக் காய்ந்த செடியை எடுத்துப் போடுவார்கள்.

வாஷ்டெபெக் தோட்டம் இருந்த ஊரில் இன்று பெரிய நீர்விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ஆனால் அதே மொரேலோஸ் மாநிலத்தில் ஒவ்வொரு செப்டம்பர் 28ஆம் தேதியும், புனித மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள், சனங்கள் வயல் ஓரத்தில் பூத்திருக்கும் ஒரு மஞ்சள் பூவைப் பறிக்கிறார்கள். ஸ்பானியத்தில் பெரிகோன், நாவாட்டில் யாவ்த்லி. மழைத் தெய்வம் த்லாலோக்குக்குப் புகையாகப் போட்ட பூ. அதைச் சிலுவையாகக் கட்டி வீட்டு வாசலிலும் சோளக்கொல்லையின் நாலு மூலையிலும் செருகுகிறார்கள். அன்றிரவு பிசாசு அவிழ்ந்து வருமாம்; அந்த வாசனை இருந்தால் கிட்ட வராதாம்.